பெறுநர் பெட்டியில் பிள்ளையார் சுழி

மின்னஞ்சல் செயலிகளில் எது சுலபம் என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை என்று எனக்கு அதுவரை தெரியாது. சென்னையில் ஒரு கம்பெனி வயதானவர்களுக்கென்று புதிதாக ஒரு மெயில் செயலி செய்திருந்தது. அதன் பெயர் கடுதாசி. ஏற்கனவே எல்லோர் போனிலும் இருக்கிற மூன்று மெயில் செயலிகளோடு அதை ஒப்பிட வேண்டும். எதில் படிப்பதும் எழுதுவதும் எளிது என்று திருச்சிப் பக்கத்து ஆட்களை வைத்துப் பார்த்து அறிக்கை எழுதித் தர வேண்டும். அறிக்கை திருப்தியாக இருந்தால் என்னை நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். பகல் வேலை.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஒப்புக்கொண்டேன்.

அதற்கு முன் நான் சென்னையில் இரவு வேலையில் இருந்தேன். வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பும் புகார் மெயில்களுக்குப் பதில் எழுதுகிற வேலை. புகார் எதுவாக இருந்தாலும் பதிலின் சாரம் ஒன்றுதான்: தவறு உங்களுடையது, அதற்காக நாங்கள் வருந்துகிறோம். இதை விதவிதமான பணிவோடு சொல்வதற்கு வாக்கியங்கள் தயாராக வைத்திருந்தார்கள். ஒரு நாள் பாதி ஷிஃப்டில் எழுந்து, கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். யாரோடும் சண்டை போடவில்லை. இனிமேல் யாருக்கும் அந்தப் பதிலை எழுத முடியாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

திருச்சி புத்தூரில் அண்ணன் இன்னாசிராஜ் வீட்டு மாடியில் வந்து தங்கினேன். உடம்பு பழைய பழக்கத்தை விடவில்லை. எல்லோரும் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் எனக்குக் கண் சொருகும். பகலில் தூங்குகிற ஆண்பிள்ளையை எந்த வீட்டிலும் நெடுநாள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அண்ணன் இன்னொரு கம்பெனியில் எனக்கு மறுபடி இரவு வேலையே பேசி வைத்திருந்தான். அடுத்த மாத முதல் வாரத்தில் போய்ச் சேர வேண்டும். அதற்குள் பகல் வேலை கிடைத்தால் போ, இல்லாவிட்டால் இதில் போய் உட்கார், ஆந்தைக்கு அதுதான் லாயக்கு என்றான். அண்ணி சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கடுதாசி கம்பெனியில் என்னோடு பேசியவர் பானுப்ரியா. என் வயதுதான் இருக்கும். சொந்த வீடு திருவானைக்காவலில். சனி ஞாயிறு இங்கே வருவார். முதல் நாள் ஒரு போனில் நான்கு செயலிகளையும் ஏற்றிக் கொடுத்து, முறையைச் சொல்லித் தந்தார். ஒவ்வொருவரும் நான்கு செயலியிலும் அதே வேலைகளைச் செய்ய வேண்டும். வந்த மெயிலைத் திறந்து படிப்பது, அதற்குப் பதில் போடுவது, ஒரு போட்டோ அனுப்புவது, யாருக்காவது புதிதாக ஒரு மெயில் எழுதுவது. அதை நான் வீடியோ எடுக்க வேண்டும். முக்கியமான விதி, உதவக் கூடாது. வாயால் சொல்லக் கூடாது, தலையாட்டக் கூடாது, முகம்கூடச் சுளிக்கக் கூடாது. திண்டாடினால் திண்டாடட்டும். அந்தத் திண்டாட்டத்தைப் பார்க்கத்தான் நாம் போகிறோம்.

எனக்கு அது கஷ்டமாக இல்லை. மற்றவர்களுக்குத்தான் கஷ்டம். மகன் வீட்டில் இருந்துவிட்டால் சோதனையே நடக்காது. இங்க பாரும்மா என்று போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் அவனே செய்துவிட்டு, எவ்வளவு ஈசி என்பான். அம்மாவும் ஈசிதான் என்பார். அதனால் மகன்கள் ஆபீசில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். பகலில் கண் விழித்திருக்கவும் அப்படித்தான் பழகினேன்.

கடுதாசியைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். படிப்பதற்கும் பதில் போடுவதற்கும் நான்கில் அதுதான் நன்றாக இருந்தது. மற்ற மூன்றில் ஒன்று போனோடு வருவது. வெள்ளைச் சுவர் மாதிரி இருக்கும், அலங்காரம் எதுவும் கிடையாது. இன்னொன்றில் விரல் லேசாகப் பக்கவாட்டில் பட்டால் மெயில் காணாமல் போகும், எங்கே போனது என்று அது சொல்லாது. மூன்றாவது, ஒரே ஆளிடமிருந்து வந்த மெயில்களையெல்லாம் கட்டாகக் கட்டி வைக்கும். நேற்று வந்தது எது, போன மாதம் வந்தது எது என்று ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கடுதாசியில் இந்தத் தொல்லைகள் இல்லை. எழுத்து பெரிது. மெயில் வந்தால் தபால்காரர் சைக்கிள் மணி அடிக்கும். திறந்தால் திரை இன்லேண்ட் லெட்டர் நிறத்தில் இருக்கும். கோடு போட்டிருக்கும். வலது மூலையில் ஸ்டாம்ப் படம். பார்த்தவர்கள் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

பிடித்துப்போனதுதான் வினையாகிவிட்டது.

முதலில் சிக்கியவர் அடைக்கலம். ஜீயபுரத்தில் வாழை போட்டிருக்கிறார். மோட்டார் ரூம் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு மூன்று செயலிகளை முடித்துவிட்டார். வாழையில் இலைக் கருகல் வந்திருப்பதாக வேளாண்மை ஆபீசுக்கு எழுத வேண்டும் என்பது அவரே எடுத்துக்கொண்ட விஷயம். நான்காவதாகக் கடுதாசியைத் திறந்தார். புதிய கடிதம் என்பதை அழுத்தினார். கோடு போட்ட தாள் வந்தது. முதல் கோட்டில் பெரிய விரலால் நிதானமாக 'உ' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார். பிள்ளையார் சுழி. எதை எழுதினாலும் அவர் தலைப்பில் போடுவது அதுதான்.

ஆனால் அந்தச் செயலியில் முதல் கோடு என்பது பெறுநர் பெட்டி. மெயில் யாருக்குப் போக வேண்டுமோ அவருடைய முகவரி எழுதுகிற இடம். அதைச் சொல்லும் எழுத்து வெளிறிய சாம்பல் நிறத்தில் இருந்தது. விரல் பட்டவுடன் அதுவும் மறைந்தது. சோதனைக்கென்று கம்பெனிக்காரர்கள் அந்தப் போனில் கற்பனையாகச் சில பெயர்களைப் போட்டு வைத்திருந்தார்கள். 'உ' என்ற எழுத்தைக் கண்டதும் செயலி உதயகுமார் என்ற பெயரைத் தானாகப் பிடித்துப் பெட்டியில் உட்கார வைத்துவிட்டது.

அடைக்கலம் அதைக் கவனிக்கவில்லை. கருகலைப் பற்றி விவரமாக எழுதி முடித்தார். பிறகு போனைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தார். அட்ரஸ் எழுதுவதற்கு. ஒரு கணம்தான். தானே வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு போனை மறுபடி திருப்பி, 'அனுப்பு' என்பதை அழுத்தினார். மெயில் உதயகுமாருக்குப் போயிற்று என்று திரையில் வந்தது.

"யாருப்பா இந்த உதயகுமாரு? நம்ம ஊரா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. விதி அப்படி.

"புது ஆபீசரா இருக்கும். பேர மாத்திட்டாங்க போல" என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

ஒரு ஆள் செய்தால் அது அவருடைய பழக்கம். அடுத்த சில நாளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதையே செய்தார்கள். ஸ்ரீரங்கம் சித்திரை வீதிப் பக்கம் ஒரு அபார்ட்மென்டில் இருக்கிற செங்கமலம் மாமி என்னைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, அடுப்படியில் தளிகை முடித்துப் பெருமாளுக்குக் காட்டிவிட்டு வந்துதான் போனைத் தொட்டார். பெங்களூரில் இருக்கும் மகளுக்கு எழுத வேண்டும். முதல் கோட்டில் 'ஸ்ரீ:' என்று போட்டார். ஸ்ரீயில் தொடங்கும் பெயர் போனில் இல்லை. அதற்குப் பக்கத்தில் மகளின் முகவரியையும் சரியாகவே போட்டார். அனுப்பும்போது முகவரி தவறு என்று சிவப்பில் வந்தது. மாமி சந்தேகப்பட்டது மகளின் முகவரியைத்தான். அதை அழித்து மறுபடி அடித்தார். மறுபடியும் சிவப்பு. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். ஸ்ரீயை அவர் பார்க்கவே இல்லை. அது தவறாக இருக்கலாம் என்ற எண்ணம் வருவதற்கே இடமில்லை. கடைசியில், பெண் அட்ரஸை மாற்றிவிட்டுத் தன்னிடம் சொல்லவில்லை போலிருக்கிறது என்று போனைக் கீழே வைத்தார். முகம் சின்னதாகிவிட்டது. நான் வீடியோவை நிறுத்தினேன்.

புத்தூரில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் அமலராணி டீச்சர் அப்படிச் சோர்கிற ஆள் இல்லை. ரிட்டையர் ஆகிப் பல வருஷம் ஆன பிறகும் யாராவது தப்பு செய்தால் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அவர் முதல் கோட்டில் எழுதியது 'மரியே வாழ்க'. சிவப்பு வந்ததும் போனைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"மரியே வாழ்கன்னா தப்பாமா இதுக்கு? யாருய்யா இதுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தது?"

என்னிடம் கேட்கவில்லை, போனிடம்தான் கேட்டார். ஆனாலும் அனுப்ப முடியவில்லை.

அன்று சாயங்காலம் எல்லா வீடியோவையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். மற்ற மூன்று செயலிகளில் இந்தத் தவறு அபூர்வம். அவை பார்ப்பதற்கு ஆபீஸ் படிவம் மாதிரி இருந்தன. படிவத்தில் யாரும் பிள்ளையார் சுழி போடுவதில்லை. கட்டத்தில் என்ன கேட்டிருக்கிறது என்று தேடிப் படித்துவிட்டுத்தான் நிரப்புவார்கள். கடுதாசி பார்ப்பதற்குக் கடிதம் மாதிரி இருந்தது. கடிதம் மாதிரி ஒன்றை நீட்டினால் கடிதத்தில் செய்வதைச் செய்வார்கள். தாளின் தலைப்பு எழுதுகிறவருக்குச் சொந்தமில்லை, சாமிக்குச் சொந்தம். அங்கே கம்பெனி பெறுநர் பெட்டியை வைத்திருந்தது. முகவரி என்பது எழுதி மடித்து ஒட்டிய பிறகு வெளியே எழுதுவது. அதை முதலிலேயே கேட்கிற தாளை இவர்கள் யாரும் பார்த்ததில்லை.

அதனால் அறிக்கையில் பார்த்ததை எழுதினேன். படிக்கவும் பதில் போடவும் கடுதாசி முதலிடம். புதிதாக எழுதுவதற்குக் கடைசி இடம். எல்லாம் சேர்த்துப் பார்த்தால், போனோடு வருகிற அந்த வெள்ளைச் சுவர்தான் சுலபம். அது யாருக்கும் பிடிக்கவில்லை, ஆனால் எல்லோராலும் முடிந்தது.

சனிக்கிழமை திருவானைக்காவலில் ஒரு ஓட்டலில் பானுப்ரியா அறிக்கையைப் படித்தார். தோசை ஆறிக்கொண்டிருந்தது. படித்து முடித்ததும், மேலே சாமி பெயர் எழுதியவர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றார். அவர்கள் விதிவிலக்கு. மெயில் என்றால் என்ன என்று தெரியாமல் இன்னும் லெட்டர் எழுதிக்கொண்டிருப்பவர்கள். அவர்களை எடுத்துவிட்டால் கடுதாசி முதலிடத்துக்கு வந்துவிடும்.

பாதிக்கு மேல் இருப்பவர்கள் எப்படி விதிவிலக்கு என்று கேட்டேன்.

"எங்க அம்மாவும்தான் மேல சிவமயம்னு போடுவாங்க. அதுக்காக ஒரு ஆப்பையே மாத்த முடியுமா, ஜெஸ்வின்?"

"உங்கம்மாவ வெச்சுப் பார்த்தீங்களா மேடம்?"

"அம்மாவுக்கு மெயில் எல்லாம் நான்தான் போட்டுக் குடுக்கிறேன்."

சொன்ன பிறகு அவரே கொஞ்ச நேரம் தோசையைப் பார்த்தார். கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே ஒரு ஆள், அந்த ஆளுக்கு மேலே பணம் போட்டவர்கள். அடுத்த மாதம் விளம்பரம் வரப் போகிறது. திருச்சியில் சோதித்து முதலிடம் பெற்றது என்ற வரி ஏற்கனவே அச்சுக்குப் போய்விட்டதாம். அதனால் ஒரு வழி சொன்னார். யாரையும் நீக்க வேண்டாம். மாட்டிக்கொண்டவர்களிடம் மறுபடி போய், மேலே எதுவும் எழுதாதீர்கள் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இன்னொரு முறை செய்யச் சொல்ல வேண்டும். முழுவதும்கூட வேண்டாம், மூன்று பேர் செய்தால் போதும், அதை வைத்து மேலே பேசிக்கொள்வார். திங்கள்கிழமை என் பெயருக்கு வேலை உத்தரவு தயாராகும்.

உதவக் கூடாது என்பது உங்கள் விதிதானே என்றேன். இது உதவி இல்லை, விளக்கம் என்றார்.

அன்றே போனேன். எனக்குப் பகல் வேலை வேண்டும். மாடிப்படியில் இறங்கும்போதெல்லாம் அண்ணன் நாள்காட்டியைப் பார்ப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரே ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் ஆயிற்று.

அடைக்கலம் உடனே ஒத்துக்கொண்டார். அதுக்கென்ன தம்பி, போடாம விட்டாப் போச்சு என்றார். போனை வாங்கினார். என்னோடு பேசிக்கொண்டே புதிய கடிதம் திறந்தார். விரல் தானாக 'உ' போட்டது. உதயகுமார் வந்து உட்கார்ந்தான். அழித்தார். இரண்டாம் முறை கவனமாக, கையைச் சட்டையில் துடைத்துவிட்டு ஆரம்பித்தார். மறுபடி 'உ'. மூன்றாம் முறை விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். சுழி போடாமல் எதை முதலில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் போனை என்னிடமே நீட்டிவிட்டார்.

"உதயகுமாருக்கே போவட்டும் விடு. அவன்ட்ட சொல்லி ஆபீசுக்குச் சொல்லச் சொல்லிக்கலாம்" என்றார். கிண்டல் செய்கிறார் என்று அவர் சிரித்த பிறகுதான் தெரிந்தது. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கோபம் இருந்தது.

ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறும்போதே எனக்குப் பிடிக்கவில்லை. மாமியிடம் விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். உங்கள் பெண் முகவரியை மாற்றவில்லை, மேலே நீங்கள் எழுதிய ஸ்ரீயால்தான் போகவில்லை. அதை மட்டும் விட்டுவிட்டு எழுதுங்கள். மாமிக்கு முதலில் நிம்மதி வந்தது. மகள் எதையும் மறைக்கவில்லை. அந்த நிம்மதி அடங்கியதும் என்னை உற்றுப் பார்த்தார்.

"ஸ்ரீயை விட்டுட்டு எழுதணுமா?"

"ஆமா மாமி. அந்த இடம் அட்ரஸுக்கு."

"அட்ரஸ் பெட்டியை உச்சியில கொண்டுபோய் வெச்சது யாரு? நானா?"

இல்லை என்றேன்.

"அப்போ அவாளைக் கீழே இறக்கி வெச்சுக்கச் சொல்லு. ஸ்ரீ எங்கேயும் இறங்கறதா இல்லே."

ஒரு சின்ன விஷயம் மாமி, ஒரே ஒரு முறை என்று சொல்லிப் பார்த்தேன். சின்ன விஷயம் என்றால் அதை அவர்களே செய்துவிடலாமே என்று கேட்டார். கல்யாணப் பத்திரிகையிலிருந்து மளிகைச் சீட்டு வரைக்கும் இந்த வீட்டில் ஸ்ரீ இல்லாமல் ஒரு காகிதம் வெளியே போனதில்லை, போனில் மட்டும் ஏன் போக வேண்டும் என்றார். குரல் உயரவே இல்லை. காபி சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். சாப்பிட்டேன்.

மறுநாள் காலை அமலராணி டீச்சரிடம் நான் வாக்கியத்தை முடிக்கவில்லை. அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ரீ-டெஸ்ட்டா? எதுக்கு? நான் ஃபெயில் ஆனேன்ல, ஃபெயில்னே போடு."

ஃபெயில் என்று போட்டால் கம்பெனி ஏற்காது என்றேன். அப்படி மேலே எழுதுகிற ஆட்களையே கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று நினைக்கிறார்கள், அதற்குப் பதிலாகத்தான் இந்த மறு சோதனை என்பதையும் சொன்னேன். மறைத்துப் பேச எனக்கு வராது.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்க ஸ்கூல்ல ரிசல்ட் நல்லா காட்டணும்னு, ஃபெயிலாவுற பிள்ளைங்களப் பரீட்சை அன்னைக்கு வராதன்னு சொல்லுவாங்க. அந்தப் பிள்ள பேருக்கு எதிர்ல ஆப்சென்ட்னு விழும். ஸ்கூல் நூறு சதவீதம் பாஸ். நான் ஒரு தடவைகூட அதுல கையெழுத்துப் போடல. என்னைய ஃபெயில்னு போடு, பரவாயில்ல. நான் வந்து உக்காந்து எழுதுனேன். ஆப்சென்ட்னு மட்டும் போட்டுறாத."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். தெருவில் வெயில் கொளுத்தியது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே ஓட்டல். பானுப்ரியா லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார். மூன்று பேரும் முடித்துவிட்டார்களா என்று கேட்டார். ஒருவரால் முடியவில்லை, இரண்டு பேர் மாட்டேன் என்றுவிட்டார்கள் என்றேன். சொன்ன விதம் சரியில்லையோ என்றார். சொன்ன விதம் சரிதான், கேட்டதுதான் சரியில்லை என்றேன்.

அவர் அச்செடுத்து வைத்திருந்த அறிக்கையை என் பக்கம் திருப்பினார். ஏற்கனவே திருத்தியிருந்தார். மேலே சாமி பெயர் எழுதியவர்கள் எல்லோரும் கணக்கிலிருந்து போயிருந்தார்கள். அவர்கள் பெயர்களுக்கு எதிரே 'கலந்துகொள்ளவில்லை' என்று இருந்தது. மீதி இருந்த ஆட்களை வைத்துக் கடுதாசி முதலிடத்தில் இருந்தது. கீழே சோதனையை நடத்தியவர் என்று என் பெயர், பக்கத்தில் கையெழுத்துக்கு இடம்.

"இவங்க கலந்துக்கிட்டாங்க" என்றேன்.

"வேற வார்த்தை போடணும்னா போடலாம். சொல்லுங்க."

"வார்த்தை இல்ல மேடம் பிரச்சினை. இவங்க உக்காந்து எழுதுனாங்க, போகல. அதை இல்லைன்னு நான் எழுத மாட்டேன்."

"ஜெஸ்வின், முத நாள்ல இருந்து பகல் வேலை வேணும், பகல் வேலை வேணும்னு நீங்கதான் கேட்டீங்க."

"இப்பவும் வேணும்."

"அப்புறம்?"

"அப்புறமும் மாட்டேன்."

உங்கள் கையெழுத்து இல்லாவிட்டாலும் இது வெளியே வரும், தெரியுமா என்றார். தெரியும் என்றேன். அப்படியானால் இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டார். லாபம் இல்லை. இதே மாதிரி ஒரு பதிலைத்தான் பல வருஷம் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதினேன், தப்பு உங்களுடையது என்று. பகலில் உட்கார்ந்து எழுதினால் அது வேறு பதிலாகிவிடாது. இதை அவரிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம், அவர் ஏதோ நான் அழப் போகிறேன் என்பது போலத் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். நான் சோதனைப் போனையும் சார்ஜரையும் மேஜையில் வைத்தேன். என்னுடைய அறிக்கையை, ஒரு எழுத்தும் மாறாமல், அவருக்கும் அவருடைய மேலாளருக்கும் அங்கேயே உட்கார்ந்து என் போனிலிருந்து அனுப்பினேன். இரண்டு பேருக்கும் போய்ச் சேர்ந்தது. பதில் வரவில்லை.

கையெழுத்து இடம் காலியாக இருந்தது. அவர் பேனாவை மூடிக்கொண்டார்.

வீட்டில் அண்ணனிடம் சொன்னேன். எவனோ ஒருத்தன் சுழி போட்டதற்கு நீ எதற்கடா வேலையை விடுகிறாய் என்றான். நாம் அந்தச் சாமியைக்கூடக் கும்பிடுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டான். முதல் வாரம் வந்தது. அவன் பேசி வைத்த இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். வர மாட்டேன் என்றேன். அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்தினான். அண்ணி சோறு போடுவதை நிறுத்தவில்லை. புத்தூர் நாலு ரோட்டுப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் பில் போட ஆள் வேண்டும் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். போய்ச் சேர்ந்தேன். காலையில் கடை திறக்கும்போது போனால் விளக்கு வைத்த பிறகு விடுவார்கள்.

கடுதாசி சொன்னபடி வெளியே வந்தது. விளம்பரத்தில் நரைத்த தலைகள் சிரித்தன. திருச்சி மூத்தோரிடம் சோதிக்கப்பட்டு முதலிடம் பெற்றது என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். அன்றே அதை என் போனில் இறக்கிக்கொண்டேன். எல்லோரும் பார்க்கும்படி விமர்சனம் எழுதுகிற இடத்தில், என் பெயரோடு, ஒரு நட்சத்திரம் போட்டு எழுதினேன். சோதனையை நடத்தியவன் நான். முதலிடம் இல்லை. தாளின் தலைப்பில் சாமி பெயர் எழுதுகிறவர்கள் இதில் புதிதாக மெயில் எழுத முடியாது. அப்படிப்பட்டவர்கள் பாதிக்கு மேல். அவர்களை வரவில்லை என்று எழுதிவிட்டார்கள். வந்திருந்தார்கள்.

கம்பெனி சார்பில் பதில் வந்தது. தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், முகவரியைச் சரியாக உள்ளிடவும். வந்த நேரத்தைப் பார்த்தேன். எழுதியவன் இரவு வேலைக்காரன். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் விமர்சனத்தை எடுக்கவில்லை.

பிறகு மற்றவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். அல்ஃபியா என்று ஒரு பெண், பாலக்கரையிலிருந்து, தன் அத்தா முதல் கோட்டில் பிஸ்மில்லாவுக்குப் பதிலாக 786 என்று எழுதியதாகவும், செயலி போன் நம்பர் அப்படித் தொடங்குகிற யாரையோ பிடித்து அவருக்கு அனுப்பியதாகவும் எழுதியிருந்தார். ஒரு நட்சத்திரம். முருகன் துணை என்று எழுதிப் போகாத ஒருவர். ஓம் என்று எழுதிய இன்னொருவர். பெயர் சொல்லாத ஒருவர், எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் இப்படித்தான், நாங்கள் எங்கள் தவறு என்று நினைத்தோம் என்று எழுதியிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை காலை கடையில் கூட்டமாக இருந்தபோது பானுப்ரியா கூப்பிட்டார். மேலிடத்தில் பேச்சு நடக்கிறது, அடுத்த பதிப்பில் பெட்டியைப் பற்றி யோசிப்பார்கள் போல இருக்கிறது, அதுவரைக்கும் அந்த விமர்சனத்தைக் கொஞ்சம் மாற்றினால் நன்றாக இருக்கும் என்றார். உங்கள் பெயரை வைத்துத்தான் மற்றவர்களும் எழுதுகிறார்களாம்.

"எத்தனை ஸ்டார் வேணும் மேடம்?"

"ஒரு மூணாவது போடுங்க. எனக்காக."

"ஆப்ப மாத்துங்க, அன்னைக்கே போடுறேன். யோசிக்கிறதுக்கெல்லாம் போட மாட்டேன்."

அவர் ஏதோ சொல்ல வந்தார். எதிரே ஒரு அம்மா மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். ஆட்கள் நிற்கிறார்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டுச் சீட்டை வாங்கினேன்.